அரசர் சாப்பாடும் நம் வீட்டு நெய்ப் போத்தலும்

திருகோணமலையில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் இப்போது போனில் சமையல் குறிப்பும் கொண்டுவருகிறார்கள். 'சோழர் அரண்மனைச் சோறு', 'குளக்கோட்டன் காலத்து விருந்துக் கறி' என்றெல்லாம் தலைப்பு. "பழைய காலச் சாப்பாடுதானே, சீனி வருத்தத்துக்கு ஒன்றும் செய்யாதே?" என்பதுதான் கேள்வி.

முதலில் சாமான் பட்டியலைப் பாருங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்; ஐரோப்பியர் வழியாகத்தான் இங்கே வந்தன. போர்த்துக்கீசர் இலங்கைக்கு வந்ததே 1505இல்தான். சோழ அரசன் பெயரைச் சொல்லி மூன்று கரண்டி மிளகாய்த்தூள் போடச் சொன்னால், அது நேற்றைய கறி. ருசியாக இருக்கலாம், அது வேறு கதை. அன்றைய உறைப்பு மிளகிலும் திப்பிலியிலும் இஞ்சியிலும் இருந்தது.

நிசமான அரண்மனைக் குறிப்பு வேண்டுமென்றால் நூல்கள் இருக்கின்றன. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 12ஆம் நூற்றாண்டு மானசோல்லாசத்தில் சமையலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. தஞ்சை இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையலைச் சொல்லும் சரபேந்திர பாக சாஸ்திரமும் இருக்கிறது. ஆனால் வீட்டில் சமைக்க அளவு வேண்டுமே. அதற்கு முகலாய மன்னர் அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல் எழுதிய ஐன்-இ-அக்பரி நல்லது.

அதில் கிச்சடிக்கு அரிசி, பருப்பு, நெய் மூன்றும் தலா 5 சேர் (சேர் என்பது அக்காலத்து நிறை அளவு). ஆம், நெய்யும் அதே 5 சேர்தான்! சர்த் பிரிஞ்ச் என்ற இனிப்புச் சோற்றுக்கு 10 சேர் அரிசி, 5 சேர் கற்கண்டு, மூன்றரைச் சேர் நெய், அதற்கு மேல் முந்திரிகை வத்தல், வாதுமை, பிஸ்தா, குங்குமப்பூ. அந்தக் கிச்சடியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு கப் அரிசிக்கு ஏறக்குறைய ஒரு கப் நெய். நெய்யில் மட்டும் 1,800 கலோரி போல வரும். கிச்சடியைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரு கப் அரிசி, ஒரு கப் பயத்தம் பருப்பு, இஞ்சி, உப்பு போட்டுக் குழைய வேகவைத்து, இறக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி நெய் விடுங்கள். நாலு பேருக்குப் போதும். சீனி வருத்தம் உள்ளவர் ஒரு கப்போடு நிறுத்தி, பக்கத்தில் கீரை வைத்துக்கொள்ளட்டும். இனிப்புச் சோறு அவருக்கு வேண்டாம்.

விருந்துக்குச் சமைத்த அளவும் அரசன் தின்ற அளவும் ஒன்றல்ல. திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள நம் கொட்டியாரத்தில் 1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் கிட்டத்தட்ட இருபது வருடம் கிடந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசனுக்கு எத்தனையோ பதார்த்தம் போகும். சுமப்பவர்கள் மூச்சுப் படாமல் வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். ஆனால் அவன் முக்கியமாகச் சாப்பிட்டது கீரைவகையும் பழமும்தானாம். இந்தக் குறிப்பை ஒருவரும் போனில் கொண்டுவந்து காட்டுவதில்லை.

இன்னொன்று, பாத்திரம். அரச தோரணைக்காகச் செம்பு, பித்தளைச் சட்டி வாங்குகிறார்கள். உள்ளே வெள்ளீயம் பூசாத சட்டியில் புளிக்கறி, மோர், எலுமிச்சை போட்டால் செம்பு உணவில் கரையும். வயிற்றுவலியும் வாந்தியும் வரும். பூச்சு தேய்ந்த சட்டியும் அப்படித்தான். புளிக்கறிக்கு மண்சட்டியே எடுங்கள்.