ஓடியவர் ஒருவர், ஓடவிட்டவர் பத்துப் பேர்

2012 ஏப்ரலில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் தேர்வில், கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணிக்கு நான்காவதாக ஆள் எடுக்கும் முறை வாய்த்திருந்தது. ஒரே ஓர் இடம் முன்னால் நகர்வதற்காகத் தன் கையில் இருந்த வேறு மூன்று வாய்ப்புகளை மினசோட்டா அணிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மூன்றாவது ஆளாக டிரென்ட் ரிச்சர்ட்சனை எடுத்தது. அலபாமா பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக், பந்தைக் கையில் வாங்கி ஓடுகிறவர். முந்தைய பருவத்தில் 1,679 யார்டு ஓடியவர். அவர் மேல் யாருக்கும் பெரிய சந்தேகம் இருக்கவில்லை.

அதே டிராஃப்டின் ஆறாவது சுற்றில், 173-வது ஆளாக, வாஷிங்டன் அணி ஆல்ஃபிரட் மாரிஸை எடுத்தது. ஃப்ளோரிடா அட்லாண்டிக் என்ற, கால்பந்தில் அதிகம் பேர் சொல்லப்படாத பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். வேகமும் சுமார்தான்.

முதல் ஆண்டு முடிவில் ரிச்சர்ட்சன் 950 யார்டு, ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 3.6. மாரிஸ் 1,613 யார்டு, சராசரி 4.8, அந்த ஆண்டு லீகிலேயே இரண்டாம் இடம். அடுத்த பருவத்தில் இரண்டே ஆட்டங்கள் முடிந்ததும் ரிச்சர்ட்சனை இண்டியானாபொலிஸ் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். 2014 பருவத்துக்குப் பிறகு அவர் என்.எஃப்.எல்.-இன் முறையான ஆட்டம் எதிலும் ஆடவில்லை.

இத்தனைக்கும் இந்தத் தேர்வு போகிற போக்கில் நடப்பதல்ல. 32 அணிகளும் ஸ்கவுட்டுகளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கின்றன. வருடம் முழுக்க அவர்கள் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கிறார்கள், அளக்கிறார்கள், எழுதுகிறார்கள். அப்படியும் ஏன் இந்த இடத்துக்கு ஆள் எடுப்பதில் இவ்வளவு தடுமாற்றம்?

ஆட்டத்தைப் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பக்கம் 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் பந்தைப் பத்து யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும். (யார்டு என்பது ஒன்பது கெஜப் புடவையின் அதே கெஜம்தான், 91 சென்டிமீட்டர்.) பந்தை எறியலாம், அல்லது ஒருவர் கையில் கொடுத்து ஓடச் சொல்லலாம். அந்த ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். அவருக்கு முன்னால் ஐந்து லைன்மேன்கள், ஒவ்வொருவரும் சுமார் 140 கிலோ, எதிரணி ஆட்களைத் தள்ளி வழி திறந்து வைப்பார்கள். டிராஃப்ட் என்பது ஐ.பி.எல். ஏலம் போலப் பணம் கட்டி எடுப்பதல்ல. போன வருடம் கடைசியில் நின்ற அணி முதலில் தேர்ந்தெடுக்கும். இப்படி வரிசையாக ஏழு சுற்று.

சிக்கல் அந்த ஐந்து பேரிடம் இருக்கிறது. ரிச்சர்ட்சனுக்கு முன்னால் அலபாமாவில் நின்றவர்கள் யார் என்று பாருங்கள். சான்ஸ் வார்மாக், டி.ஜே. ஃப்ளூக்கர் இருவரும் அடுத்த ஆண்டு டிராஃப்டில் 10-வது, 11-வது ஆட்களாகப் போனார்கள். பாரெட் ஜோன்ஸ் 2011-ல் நாட்டின் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லாண்ட் விருது வாங்கியவர். இப்படிப்பட்ட சுவர் இரண்டாகப் பிளந்து வழி விட்டால், பின்னால் வருகிறவர் முதல் சில யார்டுகளை யாரும் தொடாமலே கடந்துவிடுவார். 1,679 யார்டில் எத்தனை ரிச்சர்ட்சனுடையது, எத்தனை வார்மாக்குடையது? ஸ்கவுட் செய்கிற வேலை முழுவதும் இந்தக் கழித்தல் கணக்குத்தான். மற்றதெல்லாம் அதற்கு வழி தேடுவது.

முதல் வழி, மற்ற 21 பேரையும் மைதானத்தை விட்டே வெளியேற்றிவிட்டு ஆளை மட்டும் அளப்பது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற பெயரில் இது நடக்கும். உயரம், எடை, நின்ற இடத்தில் எகிறுவது, 102 கிலோவை எத்தனை முறை தூக்குகிறார் என்பது, வளைந்து திரும்பும் ஓட்டங்கள். எல்லோரும் காத்திருப்பது 40 யார்டு ஓட்டத்துக்கு, அதாவது 36.6 மீட்டர். 2008-ல் கிறிஸ் ஜான்சன் அதை 4.24 நொடியில் ஓடி, 24-வது ஆளாக டென்னஸிக்குப் போனார். அடுத்த ஆண்டே ஒரு பருவத்தில் 2,006 யார்டு ஓடினார்.

வெறும் நொடியைப் பார்ப்பது போதாது. 85 கிலோ ஆள் 4.4 நொடியில் ஓடுவதும் 105 கிலோ ஆள் அதே நேரத்தில் ஓடுவதும் ஒன்றல்ல. பின்னவர் மோதும்போது எதிராளி தாங்க வேண்டிய உந்தம் கால் பங்கு அதிகம். 2008-ல் பில் பார்ன்வெல் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு சூத்திரம் சொன்னார். எடையை பவுண்டில் எடுத்து 200-ஆல் பெருக்கு. 40 யார்டு நேரத்தின் நான்காம் அடுக்கால் வகு. வேக மதிப்பெண் என்று பெயர். 100 வந்தால் சராசரி.

நான்காம் அடுக்கு எந்த இயற்பியல் விதியிலிருந்தும் வந்ததல்ல. டிராஃப்டுக்கு வருகிறவர்களின் எடை 190-லிருந்து 250 பவுண்டு வரை பரந்து கிடக்கும். நேரமோ 4.3-க்கும் 4.7-க்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கும். அடுக்கை ஏற்றினால்தான் அந்தக் குறுகிய வேறுபாடு எடைக்கு ஈடாகக் கணக்கில் ஏறும். போட்டுப் பாருங்கள்: 4.5 நொடியை 4.4 ஆகக் குறைத்தால் மதிப்பெண் 9 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. 215 பவுண்டு ஆளுக்கு அது 20 பவுண்டு, நம் கணக்கில் ஒன்பது கிலோ, கூடுதலாகச் சுமந்து அதே வேகத்தில் ஓடுவதற்குச் சமம். 233 பவுண்டு சாக்வான் பார்க்லி 2018-ல் 4.40 ஓடினார்: 124. 247 பவுண்டு டெரிக் ஹென்றி 2016-ல் 4.54 ஓடினார்: 116. ஹென்றியின் நேரத்தை மட்டும் பார்த்தால் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள். அந்த உடம்போடு என்றால்தான் விஷயம் புரியும்.

எனக்கு இந்த 40 யார்டு மேல் அவ்வளவு மரியாதை இல்லை. என்.எஃப்.எல்.-இல் ஓர் ஓட்டம் சராசரியாக நாலரை யார்டு கூட வராது. 40 யார்டு நேராக, தடையில்லாமல் ஓடும் சந்தர்ப்பம் எப்போதோ ஒரு முறை. அதே ஓட்டத்தின் முதல் பத்து யார்டை மட்டும் தனியே குறித்துக்கொள்கிறார்கள்; வேலைக்கு நெருக்கமான எண் அதுதான். தொலைக்காட்சியில் அதை யாரும் கத்திச் சொல்வதில்லை.

ஆனாலும் வேகத்தைத் தூக்கி எறிய முடியாது. கூஸ்மிட்ஸ், ஆடம்ஸ் என்ற இருவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கம்பைன் சோதனைகளுக்கும் பிற்கால ஆட்டத்துக்கும் சீரான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒரே விலக்கு, ரன்னிங் பேக்குகளின் ஓட்ட நேரம். இதற்கு எதிராக உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள்: கரீம் ஹன்ட். 2017-ல் 4.62 நொடி, வேக மதிப்பெண் 95. மூன்றாம் சுற்றில் 86-வது ஆளாகப் போய், முதல் ஆண்டிலேயே 1,327 யார்டுடன் லீகில் முதலிடம். அப்படியானால் வேகம் தேவையில்லையா? இங்கே புள்ளியியல் ஒரு கண்கட்டு வித்தை காட்டுகிறது. மெதுவாக ஓடும் ஒருவர் டிராஃப்ட் வரை வந்திருக்கிறார் என்றாலே, அவரிடம் வேறு ஏதோ ஒன்று அபாரமாக இருந்திருக்க வேண்டும். மெதுவாகவும் ஓடி வேறெதுவும் இல்லாதவர்கள் கணக்குக்குள் வருவதே இல்லை. வடிகட்டி முடிந்த பின் மிஞ்சியவர்களை மட்டும் வைத்துப் பார்ப்பதால், வேகத்தின் பங்கு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

அந்த 'வேறு ஏதோ ஒன்று' எது என்று பார்க்கத்தான் படம். மேலிருந்து எடுத்த, 22 பேரும் தெரியும் படத்தை ஸ்கவுட் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறார். அவர் தேடும் முதல் விஷயத்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் பார்வை. கண் மருத்துவர் அளக்கும் பார்வை இல்லை. ஜோன் பிளாக்கிங் என்ற முறையில் லைன்மேன்கள் ஐவரும் ஒரே பக்கமாக நகர்வார்கள். வழி எங்கே திறக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ரன்னிங் பேக் அந்தப் பக்கமே போய்க்கொண்டு, எதிரணி ஆள் எந்தத் தோளைத் தாண்டி வருகிறார் என்று பார்த்து, ஒரே முறை காலை ஊன்றித் திரும்ப வேண்டும். சீக்கிரம் திரும்பினால் வழி இன்னும் திறந்திருக்காது. தாமதித்தால் மூடியிருக்கும். ரிச்சர்ட்சன் விஷயத்தில் பலரும் பின்னால் சொன்ன குறை இதுதான்: திறந்த வழியை விட்டுவிட்டுத் தன் ஆளின் முதுகிலேயே போய் மோதுகிறார். அலபாமாவில் எந்த வழியாகப் போனாலும் வழி இருந்தது. தேர்வே வைக்காத பாடத்தில் அவர் தேறினாரா என்று யாருக்குத் தெரியும்?

இதை எண்ணாக்க முயன்றதும் நடந்திருக்கிறது. ஓட்டத்தை முதல் மோதலுக்கு முன், பின் என இரண்டாக வெட்டுவது ஒரு வழி. முன்னது பெரும்பாலும் லைன்மேன்களின் பங்கு, பின்னது ஓடுகிறவரின் பங்கு. 2024-ல் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன் ஜென்டி 2,601 யார்டு ஓடினார். சிறிய லீகில் ஆடியவர்தானே என்று ஒதுக்க முடியாமல் செய்தது, அதில் பெரும்பகுதி மோதலுக்குப் பின் வந்தது என்பதுதான். 2025-ல் ஆறாவது ஆளாக லாஸ் வேகாஸுக்குப் போனார். ஆனால் இந்த வெட்டும் முழுச் சுத்தமில்லை. வெட்டவெளியில் 85 கிலோ ஆள் ஒருவர் காலைப் பிடிப்பதும், லைனிலேயே 140 கிலோ ஆள் மார்பில் விழுவதும் ஒரே 'மோதல்' என்றுதான் பதிவாகும்.

இன்னும் நுட்பமான வழி 2019 கடைசியில் பிறந்தது. என்.எஃப்.எல். வீரர்களின் தோள்கவசத்தில் சிறு சில்லு இருக்கும். நொடிக்குப் பத்து முறை இருக்கும் இடத்தைச் சொல்லும். பந்து கைக்கு வந்த கணத்தில் 22 பேரின் இடமும் வேகமும் தெரிந்தால், ஓட்டம் எத்தனை யார்டு போகும் என்று கணிக்க முடியுமா என லீக் ஒரு பொதுப் போட்டி வைத்தது. ஜெயித்தது 'தி ஸூ' என்ற பெயரில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இருவர். ஓடுகிறவருக்கும் எதிரணித் தடுப்பாளர் ஒவ்வொருவருக்கும் உள்ள இடைவெளி, ஒருவருக்கொருவர் நெருங்கும் வேகம், இவ்வளவைத்தான் தரவிலிருந்து தானே கற்கும் கணினி நிரலான நரம்பியல் வலைக்கு ஊட்டினார்கள். ஆட்டக்காரர்களின் பெயரோ புகழோ அதற்குத் தேவைப்படவில்லை. பிறகு லீகே அந்த மாதிரியை எடுத்துக்கொண்டது. இந்த நிலையில் ஒரு சராசரி ஆள் மூன்று யார்டு போவார், இவர் ஏழு போனார் என்றால், எதிர்பார்ப்புக்கு மேல் நான்கு. கழித்தல் கணக்குக்கு இதுவரை கிடைத்த நல்ல விடை இது. டிராஃப்டுக்கு முந்தைய கல்லூரி ஆட்டங்களில்தான் இந்தத் தரவு என்.எஃப்.எல். அளவுக்குச் சீராகக் கிடைப்பதில்லை. எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் பஞ்சம்.

பந்து கையில் இல்லாத நேரமும் உண்டு. எறியும் முயற்சியில் எதிரணி ஆள் ஒருவர் பாய்ந்து வந்தால், குறுக்கே நின்று தடுக்க வேண்டியவர் ரன்னிங் பேக். இந்த வேலை தெரியாத ஆளை மூன்றாவது முயற்சியில் உட்கார வைத்துவிடுவார்கள். பல கல்லூரி அணிகள் இந்த வேலையை அவரிடம் அதிகம் கொடுப்பதே இல்லை. பந்தைப் பிடிக்கும் கை இதைவிட எளிதாகத் தெரியும். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2017 கம்பைனில் அந்த 102 கிலோவைப் பத்தே முறை தூக்கினார், சிரித்தார்கள். 2019-ல் ஓடி ஆயிரம், பிடித்து ஆயிரம் என ஒரே பருவத்தில் இரண்டையும் தாண்டினார்.

கடைசியில் மருத்துவர்கள். இந்த இடத்தில் ஆடுகிறவர்களுக்கு இருபதுகளின் நடுவோடு உச்சம் முடிந்துவிடும். கல்லூரியில் எத்தனை முறை பந்தைச் சுமந்தார் என்பதை டயர் தேய்மானம் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். ஹென்றி 2015-ல் மட்டும் 395 முறை சுமந்தார். அதைச் சொல்லியே தயங்கினார்கள், 45-வது ஆளாகப் போனார், 2020-ல் 2,027 யார்டு ஓடினார். ஃபிராங்க் கோர் கல்லூரியிலேயே இரண்டு முழங்காலிலும் தசைநார் அறுந்தவர். 2005-ல் மூன்றாம் சுற்றில் எடுத்தார்கள். 16 பருவங்கள் ஆடி, ஓட்டத்தில் வரலாற்றிலேயே மூன்றாம் இடத்தில் முடித்தார். அவரைப் போலவே இரண்டு முழங்காலிலும் அடிபட்டு 2013-ல் வந்த மார்கஸ் லாட்டிமோர் ஓர் ஆட்டம் கூட ஆடாமல் ஓய்வு பெற்றார்.

இத்தனை குழப்பத்தில் அணிகள் கண்ட வழி, சீக்கிரம் எடுக்காமல் இருப்பது. 2013, 2014 இரண்டு ஆண்டும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக் கூட எடுக்கப்படவில்லை. ஆறாம் சுற்றில் மாரிஸ் கிடைக்கும்போது மூன்றாம் இடத்தைச் செலவழிப்பானேன் என்ற கணக்கு. அதனால்தான் 2018-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் இரண்டாவது ஆளாகப் பார்க்லியை எடுத்தபோது சண்டை வந்தது. 2023-ல், ஜயண்ட்ஸின் நொய்ந்த லைனுக்குப் பின்னால், அவர் 962 யார்டு ஓடினார். சராசரி 3.9. அணி அவரைப் போகவிட்டது. 2024-ல் பிலடெல்ஃபியா போனார். முன்னால் லேன் ஜான்சன், ஜோர்டன் மைலாட்டா போன்றவர்கள். பக்கத்தில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர், ஜேலன் ஹர்ட்ஸ்; அவர் தானே ஓடவும் கூடியவர், எனவே தடுப்பாளர்கள் ஒரு கணம் தயங்கித்தான் ஆக வேண்டும். 2,005 யார்டு, சராசரி 5.8, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் கோப்பை. இரண்டு ஆண்டுக்கும் அவருடைய வேக மதிப்பெண் அதே 124.