முன் ஸ்பிராக்கெட் நட்: இறுக்கமும் பூட்டும்

பைக்கின் கியர்பாக்ஸிலிருந்து செயினுக்கு இழுவையைக் கடத்துவது முன் ஸ்பிராக்கெட்டின் (செயினை இழுக்கும் பல்சக்கரத்தின்) நட் இல்லை. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் (சுழல்தண்டு) முனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பற்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஸ்பிராக்கெட்டை அசையவிடாமல் அழுத்திப் பிடிப்பதுதான் நட்டின் பொறுப்பு. அழுத்தம் குறைந்தால், ஆக்சிலரேட்டரைத் திருகும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமுமாக ஸ்பிராக்கெட் ஸ்பிளைன்மேல் தட்டும். உரசிய இடத்தில் செம்பழுப்புத் தூள் படியும், பற்கள் கூர்ந்து தேயும். ஷாஃப்டை மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்ஜினை இறக்கிப் பிளக்க வேண்டியதுதான்.

நம்மூர் 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் நட் கிடையாது. ஒரு தகடு, இரண்டு எம்6 (6 மி.மீ.) போல்ட், அவ்வளவுதான். அவற்றில் ஸ்பிராக்கெட் லேசாக ஆடுவது இயல்பு. நட் வைத்த பைக்கில் ஆடக் கூடாது. சுசுகி எஸ்வி650-க்கு 145 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

ஸ்பிராக்கெட் கவரைக் கழற்றியதும் கிளட்ச் லீவரைத் தொடாதீர்கள். ஹைட்ராலிக் கிளட்ச் சிலிண்டர் கவரிலேயே இருந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

நட்டைச் சுழலவிடாமல் பூட்டும் லாக் வாஷரின் மடிப்பை உளியால் தட்டி நிமிர்த்துங்கள். செயினைக் கழற்றும் முன்பே நட்டைத் தளர்த்த வேண்டும்: ஒருவர் பின் பிரேக்கை அழுத்தினால், சக்கரமும் செயினும் சேர்ந்து ஷாஃப்டைச் சுழலவிடாமல் பிடிக்கும். பிறகு பின்சக்கர ஆக்ஸிலைத் தளர்த்தி, சக்கரத்தை முன்தள்ளி, தளர்ந்த செயினை விலக்கி, ஸ்பிராக்கெட்டை உருவலாம். பழையது எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் செயின் நேர்கோட்டில் ஓடாது.

மாட்டும்போதுதான் தவறு நடக்கிறது. கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்விலேயே போய்விடும், 10 சதவீதம்தான் பிடிமானமாக மாறும். மரையில் எண்ணெய் இருந்தால் இந்தக் கணக்கு மாறி, அதே அளவில் மரை கூடுதலாக இழுபடும். மேனுவல் எண்ணெய் பூசச் சொல்லாவிட்டால் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். மரையைப் பூட்டும் திரெட்லாக் பசை காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும், எண்ணெய்ப் பசை இருந்தால் பிடிக்காது. மேனுவல் கேட்டால் மட்டும் நீல நிறப் பசையைப் போடுங்கள். சிவப்பைக் கழற்றப் பெரும்பாலும் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

செயின் தொய்வைச் சரிசெய்து, மறுபடி பிரேக்கைப் பிடித்து, முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இம்பாக்ட் கன்னால் இறுக்கினால் அளவு தெரியாது. வாஷர் புதிதாக இருக்கட்டும், ஒருமுறை மடித்த இடம் மறுமுறை விரிசல் விடும். மடிப்பு நட்டின் முனையில் இல்லாமல் தட்டைப் பக்கத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். கடைசியாக நட்டிலும் ஷாஃப்டிலும் சேர்த்து பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். அடுத்த முறை கவரைத் திறக்கும்போது கோடு முறிந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது.