இல்லாத புத்தகத்தின் 47ஆம் பக்கம்

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்களை மேய்ந்துகொண்டிருந்தேன். கல்லூரி நூலகராக இருப்பவனுக்கு விடுமுறை நாளிலும் கை சும்மா இருப்பதில்லை. ஓர் ஏரியைப் பற்றிப் புதுக் கட்டுரை வந்திருந்தது. ஒற்றுப்பிழைகூட இல்லாத தமிழ், ஐந்து உட்தலைப்புகள், அடியில் பக்க எண்ணோடு நான்கு சான்றுகள். பிழையற்ற தமிழைக் கண்டால் மகிழ வேண்டியவன் நான். இப்போதெல்லாம், சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதியதோ என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

முதல் சான்று ஏரிப்பாசன வரலாறு பற்றிய ஒரு நூல், பக்கம் 47. ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண் 978-93-7041-528-6. பார்வைக்குச் சரியான இந்திய எண்தான். நம் நாட்டு நூல்களில் 978க்குப் பிறகு 81 அல்லது 93 வருவது வழக்கம். ஆனால் இந்த எண்ணுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. பதின்மூன்று இலக்கங்களையும் இடமிருந்து வரிசையாக ஒன்றால், மூன்றால், மீண்டும் ஒன்றால், மூன்றால் என மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். தாளில் போட்டுப் பார்த்தேன். 149 வந்தது. கடைசி இலக்கம் 7 ஆக இருந்திருந்தால் 150 வந்திருக்கும். தட்டச்சுப் பிழையாக இருக்கலாமே என்று 7 போட்டும் தேடினேன். அப்படி ஒரு நூல் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. ஆசிரியர் பெயர் மட்டும் அறிந்த பெயர். ஆனால் அவர் ஏரிகளைப் பற்றி எழுதியவர் அல்லர். (வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னாலும் பத்தில் ஒன்று இந்தப் பூட்டைத் தாண்டிவிடும். எனவே எண் சரியாக வந்துவிட்டால் மட்டும் நூல் இருக்கிறது என்று ஆகிவிடாது.)

மற்ற மூன்று சான்றுகளையும் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்று உண்மையான அரசு இணையதளம், ஆனால் அந்தப் பக்கமே கிடையாது. எழுதியவருக்கு இரண்டு நிமிடம் பிடித்திருக்குமா? தன்னார்வலர்கள் களைத்துப்போவது இந்தக் கணக்கால்தான்.

பெரிய விக்கிப்பீடியாக்களும் இதில் தப்பவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் அம்பெர்லிஹிசார் என்ற உதுமானியக் கோட்டையைப் பற்றி 2023 ஜனவரியில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. கட்டியவர் யார், எந்த ஆண்டு என்பது வரை எல்லாம் இருந்தன. கோட்டை மட்டும் இல்லை. அது அகப்பட அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. வழக்கமாக அங்கே ஒரு பக்கத்தை நீக்க ஏழு நாள் உரையாட வேண்டும். 2025 ஆகஸ்டில், எவரும் சரிபார்க்காமல் இயந்திரம் எழுதியதை அப்படியே ஒட்டிய பக்கங்களை உரையாடலின்றி உடனே நீக்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். அதற்கு அவர்கள் ஏற்கும் அடையாளங்களைக் கவனியுங்கள்: "இதோ நீங்கள் கேட்ட கட்டுரை" என்பதுபோல் இயந்திரம் பயனரிடம் பேசிய வரிகள் மிஞ்சியிருப்பது, இல்லாத நூல்களும் செல்லாத எண்களும், பொருளற்ற மேற்கோள்கள். நடை இயந்திரத்தனமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இந்த விதியின் கீழ் நீக்க முடியாது.

அதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். "முக்கியப் பங்கு வகிக்கிறது", "வளமான பாரம்பரியம்", பத்திக்குப் பத்தி மும்மூன்று உரிச்சொற்கள், தடித்த எழுத்துக்காக இயந்திரம் இட்டு ஆங்காங்கே மிஞ்சிய நட்சத்திரக் குறிகள் என்று ஒரு பட்டியல் என் மனத்தில் இருந்தது. அதை நம்பி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கட்டுரையின் தலையில், இயந்திரம் எழுதியதாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை வார்ப்புரு (அறிவிப்புக் கட்டம்) போட்டுவிட்டேன். அவர் முப்பது ஆண்டுகளாக எழுதிவந்த நடையே அதுதான். பேச்சுப் பக்கத்தில் அவர் எழுதியது ஒரே வரி: "ஐயா, நான் இயந்திரம் இல்லை, எனக்கு மூட்டுவலி உண்டு." மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையாகப் பதில் எழுதினார், ஆனால் அதன்பின் அவர் தொகுக்க வரவில்லை. நட்சத்திரக் குறியைத் தவிர அந்தப் பட்டியலில் இருந்த எல்லாமே நம் பள்ளிக் கட்டுரை நோட்டிலும் ஆண்டு மலர்களிலும் இருப்பவைதாம்; இயந்திரம் நம்மிடமிருந்துதானே படித்தது?

கண்டறியும் மென்பொருளிடம் விட்டுவிடலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குற்றம் சாட்டியது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டார்கள். அவ்வாண்டே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக் கட்டுரைகள் 91ஐ ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் கணக்கில் எழுதின. ஆங்கிலத்திலேயே இந்தக் கதி என்றால், தமிழில் ஒரு கருவி காட்டும் விழுக்காட்டை வைத்து ஒருவரை வெளியேற்ற எனக்குத் துணிவில்லை.

எனவே இப்போது "இதை நீங்களா எழுதினீர்கள்?" என்று யாரையும் கேட்பதில்லை. "இந்த நூலை எங்கே பார்த்தீர்கள்? 47ஆம் பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப முடியுமா?" என்று மட்டும் கேட்கிறேன். நேர்மையாக எழுதியவருக்கு இதில் அவமானம் இல்லை. சான்றாகத் தந்த இணைய முகவரியின் வாலில் சாட்ஜிபிடியின் பெயர் ஒட்டியிருந்தாலும் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. அவர் அங்கே தேடினார் என்பதற்குத்தான் அது சான்று. எழுதவும் வைத்தாரா என்பது வேறு கேள்வி.

ஏரிக் கட்டுரையாளரிடமும் அதையே கேட்டேன். முதலில் மிகப் பணிவாக, நான்கு பத்தியில், எதையும் சொல்லாத ஒரு பதில் வந்தது. மீண்டும் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, "சார், புத்தகத்தை நான் பார்க்கவில்லை. எங்கள் ஊர் ஏரி, அதற்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று ஆசை" என்று எழுதினார். இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவராம். கட்டுரையை நீக்கிவிட்டு, மாவட்ட விவரச்சுவடி எந்த நூலகத்தில் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

புரட்டாசியில் கட்டுரை திரும்ப வந்தது. நான்கே வரிகள், ஒரே சான்று, இரண்டு ஒற்றுப்பிழைகள். எங்கள் நூலகப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பக்க எண் சரி. பதிப்பு ஆண்டை மட்டும் ஒன்று குறைத்துப் போட்டிருந்தார். திருத்திச் சேமித்தேன்.