டீசல் எஞ்சின் வாங்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை டீசலுக்கு மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலானோர் எஞ்சினை முதலிலேயே வாங்கி வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "எஞ்சின் கையில் இருக்கிறது, உட்கார வைத்தால் போதும்" என்பார்கள். இந்த வேலையில் கடைசியாக வாங்க வேண்டிய பொருளே எஞ்சின்தான் என்பதை அவர்களுக்குப் புரிய வைப்பதற்கே பாதி நாள் போய்விடும். எஞ்சின் மாற்றுவது வெறும் எஞ்சின் வேலையாக முடிவதில்லை. பிரேக், ஆக்ஸில், ஸ்பிரிங், சேசிஸ், வயரிங் என்று வண்டியில் உள்ள எல்லாவற்றையும் அது தொடும். அதில் ஒன்றை விட்டுவிட்டாலும் உயிருக்கு ஆபத்தான வண்டி ஒன்று தெருவில் இறங்குகிறது.

ஆசை நியாயமானதுதான். குறைந்த வேகத்தில் டீசல் கொடுக்கிற இழுவை, மேட்டிலும் சேற்றிலும் போகிற வண்டிக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் அந்த இழுவை வண்டியை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 60 குதிரைத்திறன், முறுக்குவிசை 142 நியூட்டன் மீட்டர் அளவு. மாற்றுவதற்குப் பலரும் தேடுகிற கம்மின்ஸ் 4பிடி 3.9 லிட்டர் எஞ்சின், 105 குதிரைத்திறன் ரகத்திலேயே 360 நியூட்டன் மீட்டரை ஒட்டிக் கொடுக்கும். முதல் கியர் விகிதம் 3, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) லோ கியரில் 2.5, ஆக்ஸிலுக்குள் இருக்கும் கடைசிப் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் 5 என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பெருக்கம் 37.5. பழைய எஞ்சினில் ஆக்ஸிலுக்குப் போனது 5,300 சொச்சம் நியூட்டன் மீட்டர் என்றால், புது எஞ்சினில் 13,500. டயர் வழுக்கிவிட்டால் தப்பித்தோம். இரண்டு பாறைக்கு நடுவில் டயர் சிக்கி, வழுக்க வழியில்லாமல் நிற்கும்போது ஏதாவது ஒன்று உடைந்தே ஆக வேண்டும். ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பிய நிலையில் முன் ஆக்ஸில் ஜாயின்ட்தான் எப்போதும் முதல் பலி. அது உடையும் இடம் இறக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கிரவுன் பினியன் விகிதம். 31 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர் உருளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 555 சுற்று. விகிதம் 4.88 என்றால், டாப் கியரில் எஞ்சின் 2,700 ஆர்பிஎம்மில் ஓட வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்பு டீசல் பலவற்றில் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) பிடித்து நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் யாரும் ஓட்ட முடியாது, எஞ்சினுக்கும் நல்லதில்லை. அதே வண்டிக்கு 4.10 போட்டால் 2,280, 3.73 போட்டால் 2,070. மனிதர் ஓட்டக்கூடிய வேகம் இதுதான். இல்லையென்றால் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) உள்ள கியர் பாக்ஸ் தேட வேண்டும். ஆனால் ஒன்று, விகிதத்தை மாற்றினால் முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். செலவைப் பார்த்துப் பின்னால் மட்டும் மாற்றிவிட்டு, "ஃபோர் வீல் எப்போதாவதுதானே போடுவேன்" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்ட அன்றைக்கு முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

இந்தக் கணக்கையெல்லாம் எஞ்சின் வாங்கும் முன் ஒரு தாளில் போட முடியும். அதன் பிறகு அடியில் படுத்துப் பார்க்க வேண்டியது சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி. லாரி, வேன் எஞ்சின்களில் ஆயில் சம்பின் ஆழமான பகுதி எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும். நம் வண்டியில் அதற்கு நேர் கீழே முன் டிஃபரன்ஷியல் இருக்கிறது, அது சும்மாவும் இருப்பதில்லை, ஒவ்வொரு குழியிலும் மேலே வருகிறது. வண்டி சமதளத்தில் நிற்கும்போது நான்கு விரல் இடைவெளி தெரிந்தால் திருப்தியாகிவிடுகிறார்கள். நாங்கள் முன் லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்ஸில், அது மேலே வருவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும் வரை ஜாக்கியால் தூக்கிப் பார்ப்போம். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்போம். பல நேரம் சமமாகத் தூக்கும்போது தொடாத டிஃபரன்ஷியல், சாய்வாகத் தூக்கும்போது சம்பில் போய் உட்காரும். அதே நிலையில் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் செல்ஃப் மோட்டாரையோ சைலன்சர் குழாயையோ உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எஞ்சின் மவுண்டை வெல்டிங் செய்தால் பின்னால் எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டி வரும்.

வெல்டிங் என்றதும் சேசிஸ் ஞாபகம் வருகிறது. பழைய சேசிஸை வெளியே பெயின்ட் அடித்துப் பார்த்தால் புதிதாகத்தான் தெரியும். பெட்டி போல மூடிய பகுதிகளிலும் ஸ்பிரிங் ஹேங்கர் இருக்கும் இடத்திலும் துரு உள்ளே இருந்து தின்று வரும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மந்தமாகிற இடத்தில் நில்லுங்கள். மவுண்ட் வைக்கும்போது சேசிஸின் மேல், கீழ் விளிம்பில் குறுக்காக வெல்டிங் கோடு போடவே கூடாது, பின்னாளில் விரிசல் அங்கேதான் தொடங்கும். பக்கவாட்டுச் சுவரில் பரந்த தகடு வைத்து, விளிம்பைத் தொடாமல் பிடிக்க வேண்டும்.

கியர் பாக்ஸையும் எஞ்சினையும் இணைக்கிற அடாப்டர் பிளேட் விஷயத்தில்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வரும். வேறு ஒரு இடத்தில் மாற்றம் செய்த வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. கிளட்ச் அதிர்ந்தது, ஓடும்போது கியர் தானாக நழுவியது. கியர் பாக்ஸின் முன் பேரிங்கை அங்கே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நாங்கள் பெட்டியை இறக்கி, ஃபிளைவீலில் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜைப் பிடித்து, முனையைப் பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) நடுத் துளையில் வைத்து, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினோம். முள் 0.13 மில்லிமீட்டருக்குள் ஆடினால் நிம்மதி. அந்த வண்டியில் அரை மில்லிமீட்டரைத் தாண்டியது. பிளேட்டை லேத்தில் போட்டவர் துளைகளைக் கண்ணளவில் குறித்திருக்கிறார். இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து ஓடியிருக்கிறது, அப்படி ஓடினால் எந்தப் பேரிங் நிற்கும்? மாற்றம் செய்து தருகிறவர் யாராக இருந்தாலும் இந்த டயல் கேஜ் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். சிறிது நேர வேலைதான்.

இனி பிரேக். இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். பெட்ரோல் எஞ்சினில் காற்றை அடைக்கிற த்ராட்டில் இருப்பதால் இன்டேக்கில் வெற்றிடம் உண்டாகும், கால் அழுத்தத்தைப் பெருக்கும் பிரேக் பூஸ்டர் அதில்தான் வேலை செய்கிறது. டீசலில் அந்த அடைப்பு இல்லை, அதனால் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடமும் கிடைக்காது. தனியாக வேக்கம் பம்பு வேண்டும், பல எஞ்சின்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். பழைய பூஸ்டர் குழாயைச் சும்மா இன்டேக்கில் சொருகிவிட்டு அனுப்பிய வண்டிகள் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. கால் வைத்தால் பெடல் கட்டையாக இருக்கும். ஓட்டுகிறவர், பழைய வண்டி இப்படித்தான் என்று பழகிவிடுவார், ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிற வரைக்கும். பூஸ்டரே இல்லாத, சிங்கிள் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் உள்ள பழைய வண்டி என்றால் கவலை இன்னும் அதிகம். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. எடையும் கூடி, வேகமும் கூடிய பிறகு அந்த அமைப்பை அப்படியே விடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு தனித்தனி சர்க்யூட் உள்ள டேன்டம் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், முடிந்தால் முன்னால் டிஸ்க். இதற்குப் பணம் இல்லை என்றால் மாற்றமே வேண்டாம், பழைய பெட்ரோல் எஞ்சினையே போரிங் செய்து நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். கம்மின்ஸ் 4பிடியின் எடை மட்டும் 340 கிலோவை ஒட்டி வரும் என்பதால் முன் ஸ்பிரிங், கிங்பின் பேரிங், ஸ்டீயரிங் பாக்ஸ் மூன்றையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீசலைப் பெட்ரோல் போலச் சாவியைத் திருப்பி நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். மெக்கானிக்கல் பம்பில் டீசல் வரத்தை அடைத்தால்தான் எஞ்சின் நிற்கும். அதற்கு ஸ்டாப் சோலனாய்டு அல்லது கேபிள் வேண்டும், அது ஓட்டுநர் கைக்கு எட்ட வேண்டும். அப்புறம், டீசலை அடைத்தாலும் நிற்காத ஒரு நிலை உண்டு. டர்போவின் ஆயில் சீல் போயிருந்தாலோ, பேக் கம்ப்ரஷன் (பிஸ்டன் ஓரமாகக் கீழே கசியும் அழுத்தம்) அதிகமாகி, அதை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஆயில் இன்டேக்குக்குள் போனாலோ, எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு வேகம் ஏறிக்கொண்டே போகும். கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் வரை ஓடும். காற்றை அடைப்பதுதான் நம்பகமான வழி. நீண்ட நாள் ஓடாமல் கிடந்த எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது, இன்டேக் வாயை முழுதாக மூடக்கூடிய கனமான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். கையால் மூடப் போகாதீர்கள், துணியையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, பைப்பில் கசிவைத் தேட விரலால் தடவுகிற பழக்கம். நாசிலுக்குப் போகிற குழாயில் அழுத்தம் பழைய எஞ்சினிலேயே நூற்றுக்கணக்கான பார், காமன் ரெயில் வகைப் புது எஞ்சினில் 1,600 பாரையும் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும், பெரிதாக வலிக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிக் கசிவைப் பாருங்கள். மேலே பட்டுவிட்டால் வலியில்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று அங்கே தெளிவாகச் சொல்லுங்கள்.

பெட்ரோல் டேங்கையே பயன்படுத்துவதானால் துருவைச் சுத்தமாக எடுத்து, திரும்பி வரும் டீசலுக்கு ரிட்டர்ன் குழாய் வைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய டேங்க் டீசலுக்கு ஆகாது, பிசின் மாதிரிக் கட்டி ஃபில்டரை அடைக்கும். வாட்டர் செப்பரேட்டர் கட்டாயம். ஹீட்டர் பிளக் நான்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பழைய சுவிட்ச் வழியாக விட்டால் வயர் எரியும், ரிலே போடுங்கள். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே தடித்த எர்த் பட்டை வேண்டும். அது இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

எஞ்சின் வகையையும் எரிபொருளையும் மாற்றினால் பதிவு ஆவணத்திலும் மாற்ற வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அனுமதி கிடைக்குமா, புகைச் சோதனை எந்த அளவுக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். எஞ்சின் எண்ணுக்கான அசல் ரசீதும் ஆவணங்களும் இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வண்டி தயாரான பிறகு முதல் சில நாள் ஆள் ஏற்றாமல், சுமை ஏற்றாமல், மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மவுண்ட் போல்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட், பிரேக் குழாய் இணைப்புகளை டார்ச் அடித்துப் பார்த்து, முறுக்கிவிட்டுப் பிறகு அடுத்த ஓட்டத்துக்கு எடுங்கள்.