பெட்டி சொன்னால்தான் பணம்

குமுளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சிப்ஸ் கடையில் 180 ரூபாய் போனில் அனுப்பினேன். பச்சை டிக் வந்துவிட்டது. காட்டினாலும் கடைப் பையன் நம்பவில்லை. பணம் வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டி கல்லாப் பக்கத்தில் இருந்தது. 'பெட்டி சொல்லட்டும் அண்ணா' என்று நிறுத்தி வைத்துவிட்டான். அந்தப் பெட்டிக்கு எப்படித்தான் தெரிகிறது?"

பையனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பச்சை டிக்கை யார் வேண்டுமானாலும் படமாகச் செய்துவிடலாம். அதற்கென்றே போலிச் செயலிகள் உலவுகின்றன. வங்கியின் குறுஞ்செய்தியோ கம்பம் ஊரில் இருக்கும் முதலாளியின் போனுக்குப் போகிறது. அந்தப் போனைப் பையன் கையில் அவர் கொடுப்பாரா? சரி, கொடுத்தாலும் சபரிமலை சீசனில் தெலுங்கு, கன்னடம், தமிழ், மலையாளம் என்று நாலு மொழிக்காரர்களும் ஒரே நேரத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கேட்கும்போது, எண்ணெய்க் கையோடு யார் திரையைத் தடவிப் பார்ப்பது? யுபிஐ வந்தது 2016-இல். பேசும் பெட்டி கடைகளில் பரவியது 2019-க்கு அப்புறம்தான். செயலியில் இல்லாத ஒன்றைக் கடைத்தெரு கேட்டு வாங்கிக்கொண்டது.

காசுக் கணக்கும் உண்டு. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ வழியாக வாங்கும் பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் பிடிக்கக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. அதில் சம்பாதிக்க முடியாத நிறுவனங்களுக்குப் பெட்டியின் மாத வாடகை ஒரு வருமானமாயிற்று.

பணம் போகும் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான்: உங்கள் செயலி, உங்கள் வங்கி, நடுவில் யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ, கடைக்காரரின் வங்கி. எல்லாம் சில நொடி. பிறகு பெட்டி கொடுத்த நிறுவனத்தின் சர்வருக்குத் தகவல் வரும். அங்கிருந்து பெட்டி வரைக்கும் உள்ள கடைசித் துண்டுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து சர்வர் நினைத்த நேரத்தில் அதைக் கூப்பிட்டுவிட முடியாது. நிலையான முகவரி எதுவும் அதற்கு இல்லை. அதனால் பெட்டிதான் முதலில் சர்வரைக் கூப்பிடும். கூப்பிட்டபின் இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். சும்மா இருந்தால் நடுவிலுள்ள கருவிகள் இணைப்பை வெட்டிவிடும் என்பதால், அவ்வப்போது 'இருக்கியா?' என்று 2 பைட் அனுப்பும். 'இருக்கேன்' என்று 2 பைட் திரும்பி வரும். வெறும் 2 பைட்! கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'அ' என்ற ஓர் எழுத்தை எழுதவே 3 பைட் வேண்டும்.

இப்படிப்பட்ட பெட்டிகளில் பரவலாக உள்ள இந்த நெறிமுறையின், அதாவது கருவிகள் பேசிக்கொள்ளும் விதிகளின், பெயர் எம்க்யூடிடி. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது. ஆளில்லாத இடத்துக் குழாய்கள், விலை அதிகமான செயற்கைக்கோள் இணைப்பு, ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. சிக்னல் வந்து வந்து போகும் மலைச்சாலைக் கடைக்கும் அதே சிக்கனம் தேவைப்படுகிறது.

அதில் ஓர் அழகான ஏற்பாடு: இணையும்போதே பெட்டி தன் உயிலையும் எழுதிக் கொடுத்துவிடலாம். 'நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் இந்தச் செய்தியை அறிவித்துவிடு.' நெறிமுறையிலேயே அதை உயில் என்றுதான் சொல்கிறார்கள். கரண்ட் போய், சார்ஜும் தீர்ந்து பெட்டி அடங்கிவிட்டால், 'இருக்கியா' வராததைக் கவனித்து சர்வர் அந்த உயிலை வெளியிடும்.

செய்தி சேர்வதிலும் மூன்று தரம் உண்டு. முதலாவது, அனுப்பிவிட்டு மறந்துவிடுவது. தொலைந்தால் தொலைந்ததுதான், உங்களைத் திருடன் மாதிரி நிற்க வைத்துவிடும். இரண்டாவதில் 'கிடைத்தது' என்ற பதில் வரும்வரை சர்வர் செய்தியை வைத்திருக்கும், தேவைப்பட்டால் மறுபடி அனுப்பும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால் ஒரே செய்தி இரண்டு முறை வந்துசேரும். 180 ரூபாய் இரண்டு தடவை ஒலித்தால் கல்லாக் கணக்கு என்ன ஆவது? மூன்றாவதில் நாலு கட்டப் பேச்சு. ஒரு முறைதான் சேரும், ஆனால் நேரம் பிடிக்கும். வரிசையில் நிற்பவருக்கு வேகம் வேண்டும், முதலாளிக்குக் கணக்கு சரியாக வேண்டும். இரண்டாம் தரத்தை வைத்துக்கொண்டே இரண்டையும் சமாளிக்கலாம்: பரிவர்த்தனை எண்ணைப் பெட்டி நினைவில் வைத்திருந்து, அதே எண் மறுபடி வந்தால் பேசாமல் இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

என்ன மொழியில் பேசுவது என்பதைக் கூட்டம்தான் முடிவு செய்கிறது. மலையாளிக் கடையில் தமிழ் பேசும் பெட்டி குமுளியில் ஆச்சரியமில்லை. கம்பம், தேனிப் பக்கத்து ஆட்களும் அதைக் கேட்க வேண்டுமே. இந்திய மொழிகளில் இயந்திரத்தைப் பேசவைக்கும் ஆராய்ச்சி சென்னை ஐஐடி போன்ற இடங்களில் அரசுப் பணத்தில் நடந்திருக்கிறது. இன்னும் பல மடங்கு கொடுக்கலாம் என்பது என் கட்சி.

அப்புறம், போணி. முதல் வியாபாரம் ரொக்கமாக இருந்தால்தான் அன்றைக்கு ஓடும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லட்சுமி நோட்டில்தான் வருவாள் என்றால், சாயங்காலம் அந்தப் பெட்டிக்கும் சேர்த்து ஊதுபத்தி சுற்றுவது எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்கள்.

வாசகருக்கு ஒரு யோசனை: அடுத்த முறை பெட்டி வாய் திறக்காவிட்டால் உடனே மறுபடி பணம் அனுப்பாதீர்கள். உங்கள் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுபிஐ எண் இருக்கும். பையனை முதலாளிக்குப் போன் போடச் சொல்லி அதைப் படித்துக் காட்டுங்கள். அவர் தன் கணக்கில் சரிபார்த்துக்கொள்ளலாம்.