கலிஃபோர்னியாவின் கார்பன் சட்டம்: பெட்ரோலில் எவ்வளவு போகிறது, பில்லில் எவ்வளவு திரும்புகிறது

கலிஃபோர்னியாவில் பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஏபி 32 என்ற காலநிலைச் சட்டத்தைத் திட்டுவார்கள். 2006-இல் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர் ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட்டது. அது நம் பையிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டே திட்டலாம், ஏனென்றால் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

2020-க்குள் மாநிலம் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்கள் 1990-இல் இருந்த அளவுக்கு இறங்க வேண்டும் என்பது சட்டம். எப்படி என்பதை மாநிலக் காற்று வள வாரியத்திடம் விட்டார்கள். வாரியம் கொண்டுவந்த விதிகளில் பெரிதாகப் பேசப்படுவது 'கேப் அண்ட் டிரேட்'. வருடத்துக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் ஆலைகள், மின் நிலையங்கள், 2015 முதல் பெட்ரோல் டீசல் விநியோகிக்கும் நிறுவனங்கள் எல்லாம் டன்னுக்கு ஒரு அனுமதிச் சீட்டு ஒப்படைக்க வேண்டும். மொத்தச் சீட்டுகள் வருடாவருடம் குறையும். மிச்சம் வைத்திருப்பவர் விற்கலாம், போதாதவர் வாங்க வேண்டும். 2012 நவம்பரில் நடந்த முதல் ஏலத்தில் ஒரு சீட்டு 10.09 டாலருக்குப் போனது; இப்போது 30 டாலரை ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

சரி, இது பெட்ரோலில் எவ்வளவு? ஒரு கேலன் எரிந்தால் எட்டு, ஒன்பது கிலோ கரியமில வாயு வரும். டன் 30 டாலர் என்றால் கேலனுக்கு சுமார் 25 சென்ட். வீட்டு வாடகை தாங்காமல் தொலைவிலுள்ள ட்ரேசி ஊரில் வீடு பார்த்து சான் ஹோசே நகருக்குத் தினமும் கார் ஓட்டுபவருக்குப் போக வர நாலு கேலன் ஆகும், அதாவது நாளைக்கு ஒரு டாலர், மாதம் 20 டாலர். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு வாங்க வசதியுள்ளவருக்கு இந்தச் செலவு கிட்டத்தட்ட இல்லை. இந்தச் சட்டத்தைக் குறை சொல்பவர்கள் சொல்வதில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இதுதான்.

ஏல வருமானத்தின் ஒரு பகுதி வீடுகளுக்குத் திரும்பி வருகிறது. மின் பில்லில் 'கலிஃபோர்னியா கிளைமேட் கிரெடிட்' என்று ஒரு தள்ளுபடி இருக்கும், பாருங்கள். அதற்கு விண்ணப்பம் தேவையில்லை, வருமான வரம்பும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்றால் பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் ஒரே தொகை. 2024-இல் பிஜி அண்ட் ஈ என்ற தனியார் மின் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரத்தில் ஏப்ரலில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை என 55 டாலர் வீதம் கழித்தார்கள். சமையல், ஹீட்டர் கேஸ் பில்லில் அது தனியாக வந்தது. இது தனியார் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான். லாஸ் ஏஞ்சலஸ் நகர மின்துறை, சாக்ரமெண்டோவின் ஸ்மட் போன்ற பொது அமைப்புகளின் பில்லில் இந்தத் தள்ளுபடியைத் தேட வேண்டாம். மேலே சொன்ன ட்ரேசிக்காரருக்கு வருடம் 240 டாலர் போய், மின்சாரத்தில் 110 திரும்புகிறது. கார் குறைவாக ஓட்டும் குடும்பத்துக்கோ லாபம்.

புகையை எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்ற சண்டையும் பழையது. 2010-இல் வேலையின்மை 12 சதவீதத்தைத் தாண்டியிருந்த நேரத்தில் 'ப்ராப்பசிஷன் 23' வாக்கெடுப்புக்கு வந்தது: நான்கு காலாண்டுகள் தொடர்ந்து வேலையின்மை 5.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும் வரை ஏபி 32-ஐ நிறுத்தி வைக்கலாம் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியொரு நிலை 1970-இலிருந்து அதுவரை மூன்று முறைதான் வந்திருந்தது, ஆக 'கொஞ்சம் பொறுங்கள்' என்ற பெயரில் கேட்டது காலவரையற்ற தடை. அதன் பிரசாரத்துக்குப் பெரும் பணம் டெக்சாஸைச் சேர்ந்த வலேரோ, டெசோரோ எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து வந்தது. நூற்றுக்கு 61 பேருக்கு மேல் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2020-க்கான இலக்கை மாநிலம் 2016-லேயே எட்டிவிட்டது. அதில் 2008 மந்தநிலைக்கும், சூரிய, காற்று மின்சாரத்துக்கான தனி விதிகளுக்கும் பங்குண்டு, எல்லாப் பெருமையையும் சீட்டு ஏலத்துக்குக் கொடுத்துவிட முடியாது.

இனிதான் கடினம். 2030-க்குள் 1990-ஐவிட 40 சதவீதம் குறைய வேண்டும் என்று 2016-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள், மிச்சமிருப்பதில் மற்ற எதையும்விட அதிகம் வண்டிப் புகை. என்னைக் கேட்டால் வேகத்தைக் குறைக்கக் கூடாது, முக்கியமாக நடுவில் நிறுத்தி நிறுத்தித் தொடங்கக் கூடாது; சிமென்ட் ஆலைக்காரர் இன்று போடும் சூளை பல பத்து வருடம் ஓடும், அவருக்கு 2040-இல் சீட்டு எவ்வளவு அரிதாகும் என்று இப்போதே தெரிய வேண்டும். நான் மாற்றச் சொல்வது சுமையைப் பிரிக்கும் விதத்தை. சுத்திகரிப்பு ஆலைகளுக்கு, தொழில் வெளிமாநிலம் போய்விடும் என்ற காரணத்தால், நிறையச் சீட்டுகள் இலவசமாகவே போகின்றன. ரிச்மண்டிலும் வில்மிங்டனிலும் அந்த ஆலைகளின் வேலிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ, ஆலை சீட்டு வாங்கிக் கணக்கை முடித்தாலும் மூச்சில் போகும் புகை அப்படியே இருக்கிறது. அவர்களுடைய காற்றை அளக்கவும் சரிசெய்யவும் 2017-இல் ஏபி 617 என்று தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

2025 செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் திட்டத்தை 2045 வரை நீட்டித்தார், பெயரும் 'கேப் அண்ட் இன்வெஸ்ட்' ஆகிவிட்டது. பில்லில் கழிக்கும் தொகையை மின்கட்டணம் எகிறும் மாதங்களுக்கு நகர்த்தச் சொல்கிறது புதிய சட்டம். இலவசச் சீட்டு யாருக்கு எவ்வளவு என்பது வாரியத்தின் விதிகளில்தான் முடிவாகும். விதியை மாற்றும்போது வாரியம் பொதுமக்கள் கருத்துக்கு நாள் கொடுக்கும், யார் வேண்டுமானாலும் எழுதலாம். எண்ணெய் நிறுவனங்கள் தவறாமல் எழுதுகின்றன. ட்ரேசியிலிருந்தும் வில்மிங்டனிலிருந்தும் கடிதங்கள் போகட்டும்.