எழுத்துணரி தவறவிட்ட முப்பாட்டன்

1922 ஜூன் 30. அயர்லாந்து உள்நாட்டுப் போரின் மூன்றாம் நாள். டப்ளினில் 'ஃபோர் கோர்ட்ஸ்' நீதிமன்ற வளாகம் வெடித்துத் தீப்பிடித்தது. அங்கிருந்த பொது ஆவணக் காப்பகமும் எரிந்துபோயிற்று. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் அநேகமாக முழுவதும் சாம்பலாகின. ஏராளமான தேவாலயப் பதிவேடுகளும் உயில்களும் கூடவே போயின. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசே முன்பே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. முழுமையாக மிஞ்சியதில் மூத்தது 1901 கணக்கெடுப்புதான். பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் எல்லோருக்கும் அரசு பதியத் தொடங்கியதே 1864இல்தான். அதற்கு முந்தைய பாட்டன் பூட்டனைத் தேடும் அமெரிக்க, ஆஸ்திரேலிய ஐரிஷ் வம்சாவளியினர் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பத்திரிகைகள் கைகொடுப்பது இங்கேதான். பதிவேடு ஒரே பிரதி. இருக்கும் கட்டடம் எரிந்தால் அதோடு சரி. பத்திரிகையோ அச்சான அன்றே நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பிரிந்து போய்விடுகிறது. பெல்ஃபாஸ்ட் நியூஸ்லெட்டர் 1737இலிருந்து வருகிறது. டப்ளினின் ஃப்ரீமன்ஸ் ஜர்னல் 1763இல் தொடங்கியது. டப்ளினில் தீப்பிடித்தபோது இவற்றின் பழைய தொகுப்புகள் வேறு வேறு நூலகங்களில் பத்திரமாக இருந்தன. இன்று பலவற்றை இணையத்திலேயே தேடலாம். தேடிவிட்டு "எங்கள் ஆள் இல்லை" என்று பலர் கைவிட்டும் விடுகிறார்கள். பெரும்பாலும் ஆள் அந்தப் பக்கத்தில்தான் இருப்பார். அவரைப் படிக்கத் தெரியாதது கணினிக்குத்தான்.

நாம் தேடுவது பத்திரிகைப் பக்கத்தை அல்ல, அதைப் பார்த்து எழுத்துணரி மென்பொருள் எழுதிவைத்த நகலை. பல தொகுப்புகள், பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்துவைத்த பழைய மைக்ரோஃபிலிம் சுருளிலிருந்து ஸ்கேன் செய்யப்பட்டவை. மென்பொருள் முதலில் படத்தைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரிக்கும். மை பரவிய இடத்தில் இரண்டு எழுத்து ஒட்டிக்கொள்ளும், மங்கிய இடத்தில் ஒரே எழுத்து இரண்டாக உடையும். அடுத்து பத்திகளைப் பிரிக்கும். அதில் கோடு தவறினால் ஒரு பத்தியின் கல்யாணச் செய்தி பக்கத்துப் பத்தியின் மாட்டுச் சந்தை விலையோடு கலந்துவிடும். கடைசியில் ஒவ்வோர் எழுத்தையும் வடிவம் பார்த்து ஊகிக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எழுத்துகளைச் சரியாகப் படிக்கிறது என்றால் பிரமாதமாகத்தான் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் சல்லிவன் என்ற பெயருக்கு எட்டு எழுத்து. எட்டும் ஒருசேரச் சரியாக அமைய 0.95ஐ எட்டு முறை பெருக்க வேண்டும், வருவது 0.66. மூன்று சல்லிவன்களில் ஒருவர் தேடலில் சிக்காமலே போய்விடுவார்.

அச்சகத்தாரின் வழக்கங்கள் வேறு குழப்பும். 1800 வாக்கு வரை சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' எழுத்தை நீட்டி, ஏறக்குறைய 'எஃப்' போலவே அச்சிட்டார்கள். அதனால் கேஸி என்பவர் கணினிக்குக் கேஃபி ஆகிவிடுகிறார். மெக்டெர்மட் என்ற பெயரில் 'மெக்' என்பதை முழுதாகக் கோர்க்காமல், எம் எழுத்தும் மேலே ஒரு காற்புள்ளி போன்ற குறியும் வைத்து முடித்துவிடுவார்கள். ஓ'கானரில் 'ஓ' இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். பத்தி ஒடுக்கமாக இருந்தால் பெயரே இரண்டாக ஒடிந்து பாதி அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஆகவே ஆளின் பெயரை மட்டும் போட்டுத் தேடுவது வீண்வேலை என்பேன். ஊர்ப்பெயரைப் போடுங்கள். அயர்லாந்தில் டவுன்லேண்ட் என்று ஒரு நிலப்பிரிவு உண்டு. சில வயல்களும் சில வீடுகளும் சேர்ந்த குக்கிராமம் போன்றது. அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அந்தப் பெயரோடு பக்கத்து வீட்டுக்காரர், நிலக்கிழார், பாதிரியார் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 1824இல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே நில அளவை ஊர்ப்பெயர்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டைத் தந்தது. அதற்கு முன் காதில் விழுந்தபடி எழுதினார்கள் என்பதால் ஊர்ப்பெயரையும் நாலைந்து விதமாக முயல்வது நல்லது.

தேதியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1832 மார்ச் 4 தேதியிட்ட இதழில் "27 அல்ட்." இறந்தார் என்றிருந்தால் அது போன மாதம், அதாவது பிப்ரவரி 27. "இன்ஸ்ட்." என்றால் நடப்பு மாதம். வெளிநாட்டுச் சாவு என்றால் கணக்கே வேறு. சென்னை மாகாணப் படைகளில் ஐரிஷ்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்று இருந்த படைதான் 1881இல் பம்பாய்ப் படையோடு சேர்ந்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆயிற்று. பாய்மரக் கப்பல் நாளில் இங்கே இறந்த ஓர் அதிகாரியின் செய்தி அயர்லாந்துப் பத்திரிகையை எட்ட மாதக்கணக்காகும். இறந்த வாரத்து இதழைப் புரட்டிப் பயனில்லை.

காசு கொடுத்து மரண அறிவிப்பு போட வசதியுள்ளவர்களின் பெயர்தானே பத்திரிகையில் வரும் என்று கேட்கலாம். அந்தப் பகுதியில் அப்படித்தான். ஏழைகள் வேறு பக்கங்களில் வந்தார்கள்: பிண விசாரணை, சிறு நீதிமன்ற வழக்கு, குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றம். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது அட்லாண்டிக்கின் அக்கரையில் வந்த ஒரு பகுதி. பாஸ்டன் பைலட் என்ற பத்திரிகை 1831 முதல் 1921 வரை 'காணாமற்போன நண்பர்கள்' என்ற தலைப்பில் விளம்பரங்கள் வெளியிட்டது. நாற்பதாயிரத்துக்கு மேல். அண்ணனைத் தேடும் தங்கை, மகனைத் தேடும் தாய், 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பின் சிதறிப்போன குடும்பங்கள். சரியான ஆள் கண்ணில் பட வேண்டுமே என்ற தவிப்பில் பிறந்த ஊர், வந்த கப்பல், கடைசியாக வேலை பார்த்த இடம் என்று தெரிந்ததையெல்லாம் எழுதினார்கள். எந்தப் பதிவேடும் ஓர் ஏழையைப் பற்றி இவ்வளவு சொன்னதில்லை.

1831 அக்டோபரில் வந்த முதல் விளம்பரத்தில் ஒரு மனைவி, கில்டேர் கவுண்டியில் பிறந்த தன் கணவரைத் தேடுகிறார். அவர் கல் கொத்தனார். வேலை தேடி ஓராண்டுக்கு முன், பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியிலிருந்து கிளம்பிப் போய்விட்டார். மனைவியும் நான்கு பிள்ளைகளும் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று அவருக்குச் சேதி சொல்கிறது அந்த விளம்பரம். அவருக்குத் திருமணம் நடந்த ஊர் டப்ளினுக்கு அருகில் என்றும் அதில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல் ஒருவர் இன்று அதைப் படித்தால், எந்தப் பகுதித் தேவாலயப் பதிவேட்டை முதலில் திறக்க வேண்டும் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும்.